முடித்துக்கொண்டு வந்தவர்கள்
வளைகுடாவில் எத்தனை வருஷம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை கிடையாது. வேலை போனால் இக்காமா எனும் வசிப்பு அனுமதியும் போகும், பிறகு ஊர்தான். ஆக, திரும்பி வருவது போகிற அன்றே முடிவான விஷயம். அதற்குக் குடும்பமும் அரசும் ஏன் தயாராவதே இல்லை? விடுமுறையில் ஒருவர் வந்தால் பெட்டி பிரிக்கத் தெருவே கூடுகிறது. அவரே ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்தால், மூன்றாம் மாதமே "அடுத்து என்ன உத்தேசம்?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர் இல்லாமலே நடந்து பழகிய வீடு அது. மகன் ரேங்க் கார்டை அம்மாவிடம்தான் நீட்டுகிறான். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதைக்கூட அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நிமிஷத்தின் கூச்சம் லேசானதல்ல. சவுதியின் தம்மாமில் பெரிய ஆலைகளுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீஷியனுக்கு உள்ளூரில் வாடிக்கையும் இல்லை, கற்ற வேலைக்குக் காட்டச் சான்றிதழும் இல்லை. கடைசியாகக் கைக்கு வந்த பணம் கல்யாணக் கடனுக்கும் பாதியில் நின்ற மாடிக்குமே சரியாகிவிடும். கேரளம் 1996லேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென நோர்க்கா துறையைத் தொடங்கியது. குறைந்தது 2 ஆண்டு வெளிநாட்டில் இருந்து திரும்பியவர் தொழில் தொடங்க மானியத்தோடு கடனுக்கும் அங்கே வழி உண்டு. தமிழ்நாடு வெளிநாடு வாழ் தமிழருக்கென நலச்சட்டம் இயற்றியதே 2011ல்தான். அனுப்பிய பணத்தில் ஊர் ஊராக வீடுகள் எழுந்தன. அனுப்பியவரின் கைத்தொழிலை மாவட்டந்தோறும் ஐடிஐயில் சோதித்து, சான்றிதழ் கொடுத்து, இங்கேயே வேலையில் அமர்த்துவதைத் திரும்பிய முதல் மாதத்திலேயே அரசு செய்ய வேண்டும்.