முருங்கைக்கீரை தின்றால் போதுமா?

"எச்.ஐ.வி. என்றால் எதிர்ப்பு சக்தி குறைவதுதானே? சக்தியை ஏற்றிவிட்டால் கிருமி தானாக அடங்கிவிடும்." டீக்கடையில் பேசப்படுகிற இந்த வைத்தியம் இப்போது யூடியூபிலும் ஓடுகிறது. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கருஞ்சீரகம் என்று பட்டியல் வேறு. கீரையின் மேல் எனக்குக் கோபமில்லை. கணக்குத்தான் தலைகீழாக இருக்கிறது.

மற்ற கிருமிகள் வந்தால் எதிர்ப்பு மண்டலம் எதிரே நின்று மோதும். எச்.ஐ.வி.யோ அந்த மண்டலத்துக்குள்ளேயே குடியேறுகிறது. அது தேடிப்போவது சிடி4 என்னும் வெள்ளையணுவை. அந்த அணு, ஊரில் தண்டோரா போடுகிறவனைப் போன்றது. அது சொன்னால்தான் மற்ற அணுக்கள் திரண்டு வேலையில் இறங்கும். கிருமி தன் மரபுச் சரத்தை அந்த அணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகி, அதையே தன் அச்சுக்கூடமாக்கிக்கொள்கிறது. அச்சு மும்முரமாக ஓடுவதோ தூங்கும் அணுவில் அல்ல, விழித்து வேலைசெய்யும் அணுவில். காசநோய் வந்து எதிர்ப்பு மண்டலம் உசுப்பப்படும்போது ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு கூடுவது அதனால்தான். மாண்டுபோகும் சிடி4 அணுக்களில் பல, கிருமி பெருகிய அணுக்களே அல்ல. ஓயாத அழற்சியில் அழிபவை. இந்த நிலையில் 'சக்தியை ஏற்று' என்பதற்கு என்ன பொருள்? கீரை கெடுதல் செய்யும் என்று சொல்லவில்லை. கிருமியின் அச்சை நிறுத்த அதனால் ஆகாது, அதற்கு ஏ.ஆர்.டி. என்னும் மருந்து வேண்டும், அவ்வளவுதான்.

"ஆள் திடமாகத்தானே இருக்கிறார், இப்போதே மாத்திரை எதற்கு?" தொற்றிய சில வாரங்களிலேயே குடற்சுவரை ஒட்டிய சிடி4 அணுக்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. பிறகு எட்டுப் பத்து ஆண்டுகள்கூட வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும் சிடி4, 200க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ். உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் பாதிக்கு மேல் குறைந்ததை 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 2017 முதல் இந்தியாவிலும் சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு.

"சிடி4 ஏறிவிட்டது, இனி நிறுத்தலாம்" என்பதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. எண்ணிக்கை 350ஐத் தாண்டியதும் நிறுத்தி, 250க்கு இறங்கியதும் தொடங்கினார்கள். அப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களிடம் நோயும் சாவும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாக 2006இல் முடிவு வந்தது. சில அணுக்களில் பதுங்கிக் கிடக்கும் கிருமி, மருந்து நின்ற சில வாரங்களில் எழுந்துவிடுகிறது.

"மாத்திரைதான் விஷம்" என்போருக்குத் தென்னாப்பிரிக்காவைச் சொல்வேன். அதிபர் எம்பெக்கி காலத்தில் சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார், மருந்து தாமதமானது. அந்தத் தாமதத்தால் 3 லட்சம் பேருக்கு மேல் இறந்ததாக 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டுதான். அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும், ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்தும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1097க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.