தராசில் தெரியும் ஈரப்பதம்

நாட்டுக்கோழி வளர்ப்பில் இறங்குகிறவர்கள் இரண்டாவது ஆண்டில் வாங்கும் பொருள் பெரும்பாலும் இன்குபேட்டர்தான். காரணம் எளிது. பதினைந்து முட்டை இட்டதும் சிறுவிடைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தொரு நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாத அலைச்சல். அத்தனை நாளும் ஒரு முட்டை கிடையாது. முட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை நம்பித்தான் தெர்மாகோல் பெட்டியும், பல்பும், சிறு மின்விசிறியும், டிஜிட்டல் கன்ட்ரோலரும் ஊர் ஊராக விற்பனையாகின்றன.

பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டு வரும். வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 70. வாங்கியவர் அன்றிலிருந்து அந்த இரண்டாவது எண்ணுக்கு அடிமை. மீட்டரில் 48 என்று காட்டினால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார். 66 என்று ஏறினால் மறுபடி திறந்து கிண்ணத்தை எடுக்கிறார். இதற்கிடையில் முதல் எண், அதாவது வெப்பம், சரியாக இருக்கிறதா என்று ஒருமுறைகூடச் சோதிப்பதில்லை. கன்ட்ரோலர் 37.5 என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறதே, போதாதா?

போதாது. இன்குபேட்டரில் விட்டுக்கொடுக்க முடியாதது வெப்பம். ஈரப்பதத்தில் நிறையவே இடம் உண்டு. வீட்டுப் பெட்டிகளில் இந்த முக்கியத்துவம் தலைகீழாகிக் கிடப்பதுதான் பாதி முட்டைகள் வீணாவதற்குக் காரணம்.

வெப்பத்தில் அரை டிகிரி என்பது கருவுக்குச் சின்ன விஷயமில்லை. தொடர்ந்து அரை டிகிரி குறைந்தால் பொரிப்பு பல மணி நேரம் தள்ளிப்போகும். குஞ்சு வெளியே வந்தாலும் வயிறு ஊதி, கால் ஊன்ற முடியாமல் கிடக்கும். அரை டிகிரி கூடினால் நேரத்துக்கு முன்பே, தொப்புள் மூடாமல் வரும். குறைவைவிடக் கூடுதல்தான் ஆபத்து. தாய்க்கோழி தினமும் தீனிக்கும் தண்ணீருக்கும் எழுந்து போகிறது. அந்தக் கால் மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கும்படிதான் கரு அமைந்திருக்கிறது. ஆனால் நாற்பதைத் தாண்டிய சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் பிழைப்பது கடினம். ஒரு மணி நேர மின்வெட்டுக்குப் பதறிப் பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டிலைத் திணிக்கிறவர்கள், முட்டையைக் குளிரிலிருந்து காப்பதாக எண்ணி வேகவைத்துவிடுகிறார்கள். சிறு பெட்டியில் மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போட்டாலே போதும். நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும் பெரிய இயந்திரத்தில் நிலைமை வேறு. பதினைந்து நாளைக் கடந்த கருக்கள் தாமே வெப்பத்தை வெளிவிடும். மின்விசிறி நின்றால் நடுவில் சூடு ஏறும், காற்றும் போதாது. அங்கே கதவைத் திறந்து வைப்பதுதான் சரி.

சரி, கன்ட்ரோலரின் எண்ணை எப்படிச் சோதிப்பது? மருந்துக்கடையில் காய்ச்சல் பார்க்க விற்கும் தெர்மாமீட்டர் போதும். மனித உடலின் வெப்பமும் அடைகாக்கும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது கோழி வளர்ப்பவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, கன்ட்ரோலரின் சென்சார் முனையையும் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ஒன்றாக அமிழ்த்திப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். மலிவு விலை கன்ட்ரோலரில் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் வியப்பதற்கில்லை. அந்த அளவைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

சென்சார் தொங்கும் இடமும் முக்கியம். பல்புக்குப் பக்கத்தில் தொங்கினால் அது பல்பின் சூட்டைத்தான் சொல்லும். முட்டையின் மேல்மட்டத்துக்கு இணையாக, ஆனால் முட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும். மின்விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடும், அடியில் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதனால் அப்படிப்பட்ட பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வைக்கச் சொல்கிறார்கள். விசிறி உள்ள பெட்டிக்குரிய 37.5-ஐ விசிறி இல்லாத பெட்டியில் வைத்துவிட்டு, குஞ்சு தாமதம் என்று சேவலைத் திட்டிப் பயனில்லை.

இப்போது ஈரப்பதத்துக்கு வருவோம். துண்டுச்சீட்டின் எண் தமிழ்நாடு முழுமைக்கும் ஒன்றாக இருக்கவே முடியாது. காற்று சூடாகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் இறங்கும். சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் கொள்ளளவு அதிகம். நாகப்பட்டினத்தில் ஐப்பசி மழைக்காலத்தில் வீட்டுக்குள் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடேறும்போது ஈரப்பதம் சுமார் 50 சதவீதமாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே முதல் பதினெட்டு நாளுக்குத் தேவையான அளவு அங்கே இருக்கிறது. கரூரில் பங்குனி மதியம், 36 டிகிரி, 30 சதவீதம் என்று கொண்டால் பெட்டிக்குள் 28 சதவீதம்தான் மிஞ்சும். ஒருவர் தண்ணீரே வைக்கக் கூடாது, இன்னொருவர் அகலமான தட்டு இரண்டு வைக்க வேண்டும். இருவருக்கும் ஒரே சீட்டு.

தட்டு என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஆவியாவது நீரின் மேற்பரப்பிலிருந்து. ஆழமான டம்ளரில் அரை லிட்டர் ஊற்றினாலும் கிடைப்பது சிறிய வட்டத்தின் ஆவிதான். ஈரப்பதத்தைக் கூட்டத் தண்ணீரின் அளவைக் கூட்டாமல், பரப்பைக் கூட்ட வேண்டும். சிலர் தண்ணீரைக் கூட்டுவதற்குப் பதிலாகக் காற்றுத் துளைகளை டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். மீட்டர் உடனே ஏறும். உள்ளே உயிர்வளி குறையும். கரு வளர வளர மூச்சுத் தேவையும் கூடும் என்பதால் கடைசி நாட்களில் துளைகளைத் திறந்து வைக்க வேண்டும்.

முட்டைக்கு ஈரப்பதம் ஏன் வேண்டும் என்ற கேள்வியையே யாரும் கேட்பதில்லை. உண்மையில் முட்டை ஈரத்தை இழக்க வேண்டும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் ஆவியாகிப் போக, மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகிறது. பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு அலகால் உட்சவ்வைக் கிழித்து அந்தக் காற்றறைக்குள் மூக்கை நீட்டி முதல் மூச்சை இழுக்கிறது. ஈரம் போதிய அளவு வெளியேறாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு வீங்கி, திரும்ப இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே மூழ்கிச் சாகும். அளவுக்கு மீறி வெளியேறினால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் நாம் வைக்கும் தண்ணீர் இந்த இழப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் மட்டுமே.

அந்த இழப்புக்கு ஓர் அளவு உண்டு. முதல் பதினெட்டு நாளில் முட்டையின் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை குறைந்தால் நல்லது. பெரிய பொரிப்பகங்களில் தட்டோடு முட்டையை நிறுத்துப் பார்ப்பது வழக்கமான வேலை. வீட்டில் ஏனோ யாரும் செய்வதில்லை. மளிகை நிறுக்கும் சிறு மின்னணுத் தராசு போதும். 45 கிராம் நாட்டுமுட்டை முப்பது வைத்தால் மொத்தம் 1,350 கிராம். அதில் 12 சதவீதம் 162 கிராம். பதினெட்டு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 9 கிராம். ஏழாம் நாள் 63 கிராம் குறைந்திருக்க வேண்டும். 40 மட்டும் குறைந்திருந்தால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடலாம். 85 குறைந்திருந்தால் இன்னொரு தட்டு வைக்கலாம். வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டைகளை விலக்கினால் மீதியுள்ளவற்றுக்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவே. மீட்டர் பொய் சொன்னாலும் தராசு சொல்லாது.

மீட்டரையும் சோதிக்க விரும்புகிறவருக்கு அடுப்பங்கரையிலேயே கருவி இருக்கிறது. ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால், காலையில் மீட்டர் 75 சதவீதம் காட்ட வேண்டும். உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் அந்த அளவில்தான் நிற்கும். 82 காட்டினால் உங்கள் மீட்டரின் பிழை ஏழு.

இவையெல்லாம் புதிய சிக்கல்கள் என்று நினைக்க வேண்டாம். எகிப்தியர்கள் மண் செங்கல் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தபோது அவர்களிடம் வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிச் சூட்டைக் கணித்தார்கள். அந்த அடுப்புகளையும் விவரித்து, செயற்கைப் பொரிப்பைப் பற்றி 1749-இல் புத்தகமே எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரேமூர், வெப்பமானியில் தன் பெயரில் ஓர் அளவுமுறையையே உருவாக்கியிருந்தவர். சூடான சாணக் குவியலில் முட்டை பொரிக்க அவர் முயன்றபோது வெப்பம் சரியாகவே கிடைத்தது. சாணத்திலிருந்து எழுந்த ஈர ஆவிதான் கருக்களைக் கெடுத்தது. முட்டைகள் இருந்த பீப்பாய்க்குள் அந்த ஆவி புகாமல் தடுக்க வேண்டியிருந்தது.

நம் ஊரின் சிறப்புச் சிக்கல் ஒன்று இருக்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளில் அது பெரிதாக வராது. முட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்பே கெட்டுப்போவது அது. 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் வரை முட்டையைச் சேமிக்கலாம். 27-ஐத் தாண்டினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். சித்திரையில் நம் சமையலறை அலமாரி 34 டிகிரி. அங்கே பத்து நாள் சேர்த்த முட்டைகளில் கரு ஒருநாள் வளர்ந்து மறுநாள் நின்று, பெட்டிக்குள் போன சில நாளில் செத்துவிடும். வெளிச்சத்தில் பார்க்கிறவர் ‘கரு கூடவில்லை’ என்று சேவலை மாற்றுகிறார். கோடையில் நான்கைந்து நாளுக்கு மேல் முட்டை சேர்க்கக் கூடாது. ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் சில டிகிரி குறையும். குளிர்பதனப் பெட்டி மிகையான குளிர்.

இன்னொன்று, பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறையே 39 டிகிரி ஆகும் வேலூர் மதியத்தில் கன்ட்ரோலர் பல்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். இன்குபேட்டரை வீட்டின் குளிர்ந்த அறையில், வெயில் படாத சுவரோரம் வைப்பது எந்தத் தானியங்கி வசதியையும்விட மேலானது.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு செய்ய வேண்டியது சொற்பம். முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65 முதல் 75-க்கு ஏற்றி, மூடியை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதுதான் எல்லாருக்கும் கடினமாக இருக்கிறது. முதல் கீறலுக்கும் குஞ்சு வெளியே வருவதற்கும் இடையில் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் முழுநாள் ஆவது இயல்பு. அதற்குள் பொறுமை இழந்து ஓட்டைப் பிய்த்துக் ‘காப்பாற்றினால்’, இன்னும் வற்றாத ரத்தநாளங்கள் அறுந்து குஞ்சு சாகும். முதலில் பொரித்ததை வெளியே எடுக்கத் திறந்தால், பாதி வழியில் இருக்கும் மற்றவற்றின் சவ்வு காய்ந்துவிடும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவில் குஞ்சு இரண்டு மூன்று நாள் தாங்கும். அவசரம் நமக்குத்தான்.

250 குஞ்சுகளோடு சிறு நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்கத் தமிழக அரசு 50 சதவீத மானியம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அடுத்த தலைமுறைக் குஞ்சு பண்ணையாளரின் சொந்தப் பெட்டியில் பொரிக்கும்போதுதான் அந்தப் பணம் ஊரில் தங்கும். மாவட்டங்களில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மாதம் ஒருநாள் அங்கே ஒரு மேசை போட்டு, நம்பகமான வெப்பமானி ஒன்றை வைத்து, பண்ணையாளர்கள் கொண்டுவரும் கன்ட்ரோலரையும் மீட்டரையும் சோதித்துப் பிழையை எழுதி ஒட்டிக் கொடுத்தால் செலவு ஒன்றும் பெரிதாகாது. அந்த மாவட்டத்தின் மாதவாரிக் காற்று ஈரப்பதத்தைக் கணக்கிட்டு, எந்த மாதம் எத்தனை தட்டுத் தண்ணீர் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தரலாம். பெட்டி விற்கிறவர்களும் ‘முழுத் தானியங்கி’ என்று அட்டையில் எழுதுவதற்கு முன், சென்சாரைச் சோதித்ததற்கான சான்றை உள்ளே வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.