மங்கினாலும் நிறம் மாறக்கூடாது

எங்கட பக்கம் கூத்தோ, நாடகமோ, எந்த மேடை என்றாலும் இப்ப எல்.ஈ.டி. பார் லைட்தான். நல்ல விசயம். சூடு குறைவு, கரண்ட் செலவு குறைவு, ஒரு லைட்டுக்குள்ளேயே எல்லா நிறமும் வரும். நாங்கள் அதற்கு எதிரானவர்கள் இல்லை. எங்கட கேள்வி ஒன்றுதான்: வெளிச்சத்தைக் குறைக்கும்போது நடிகரின் முகத்தில் ஏன் நிறம் மாறுது?

குண்டு பல்பில் டிம்மரைக் குறைத்தால் இழையின் சூடு தணியும். வெள்ளை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி அணையும். தீப்பந்தத்தின் நிறமும் அந்தப் பக்கம்தான். எல்.ஈ.டி.யில் இழையே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்துதான் பல லைட்டுகள் வெள்ளை காட்டுகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை படிகள். ஒரு வெள்ளைக்கு 255, 180, 120 என்று வைத்தோம் என்றால், நூறில் ஒரு பங்காகக் குறைக்கும்போது 3, 2, 1 என்றுதான் வரும். அரைப் படி கிடையாதே! முதலில் சிவப்பின் பாதிக்குக் கிட்ட இருந்த நீலம் இப்போது மூன்றில் ஒன்று. வெள்ளை கெட்டுப்போச்சு. இன்னொரு லைட்டில் கலவை வேறு என்றால் அது வேறு பக்கம் சாயும். 65,536 படிகள் உள்ள 16 பிட் லைட்டில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

மின்னோட்டத்தைக் குறைத்து மங்கவைத்தாலும் சிப்பின் நிறம் கொஞ்சம் நகரும். அதனால்தான் முழு ஓட்டத்திலேயே வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். நிறம் பெரும்பாலும் நிலைக்கும். ஆனால் வேகம் போதாவிட்டால் கமராவில் கோடு கோடாக விழும்.

"தீப்பந்தத்தில ஆடின கூத்துக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்பார்கள். தேவைதான். வட்டக்களரியில் தீப்பந்தம் ஒருநாளும் பச்சையடிக்கவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 'இராவணேசன்' போன்ற கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்த பிறகு, வெளிச்சமும் கூத்தின் மொழியில் ஒன்றாகிவிட்டது. சாவுக் காட்சியில் மெல்ல மங்கும் வெளிச்சம் திடீரென்று இளஞ்சிவப்பானால், அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்கின ஆட்டம் அந்த நொடியில் உடையும்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள கவலையும் இல்லை. 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விளக்கு விதிகள் பழைய மேடை விளக்குகளை இல்லாமல் ஆக்கிவிடும் என்று நாடகக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். கடைசியில் மேடை விளக்குகளுக்கு விலக்குகள் கிடைத்தன.

எங்கட கோரிக்கை பெரிசில்லை. லைட் வாடகைக்கு எடுக்கும்போது எத்தனை வாட் என்பதோடு நிற்காமல், 16 பிட் டிம்மிங் இருக்கா, தனி வெதுவெள்ளை எல்.ஈ.டி. இருக்கா என்றும் கேளுங்கள். முகத்துக்கு அந்த வெள்ளையை வைத்து, கலவை நிறங்களைப் பின்திரைக்கு விடுங்கள். ஒத்திகையில் உடுப்போடு ஓர் ஆளை நிறுத்தி, பத்து வீத வெளிச்சத்தில் கண்ணாலும் போன் கமராவாலும் பாருங்கள். பழைய குண்டு பல்ப் லைட்டுகள் கிடந்தால் எறிய வேண்டாம், கடைசி மங்கலுக்கு இரண்டு போதும்.

வெளிச்சம் போடுகிறவரையும் கலைஞராக எண்ணி ஒத்திகைக்கு முதல் நாளே கூப்பிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.