தபாற்கந்தோரின் வாடகை யார் தலையில்?

யாழ்ப்பாணத்துப் பழைய தோட்டக் காணி உறுதிகளைப் புரட்டிப் பார்ப்போர், நிலத்தின் அளவையும் எல்லைகளையும் கூறிய கையோடு, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு இவ்வளவு என்றும் எழுதப்பட்டிருக்கக் காண்பர். பொதுவில் ஆளப்படும் கிணற்றின் பங்கு எழுத்தில் இல்லாவிடின் அது வழக்கிலே முடியும் என்பதை எமது முன்னோர் நன்கறிந்திருந்தனர். இறைக்கும் இயந்திரத்துக்கு வார்க்கும் மண்ணெண்ணெய் அவரவர் இறைத்த நேரத்துக்கு உரியது. கிணற்றைச் சேறள்ளித் துப்புரவாக்கும் செலவும் கட்டுத் திருத்தும் செலவும் பங்குக்கு உரியவை. இவ்விரண்டையும் எமது விவசாயி ஒருநாளும் குழப்பிக் கொள்வதில்லை. ஒருவன் தன் தோட்டத்தைப் பாதியாகக் குறைத்து, அயலவன் வெங்காயச் செய்கையை இரு மடங்காக்கிய பின்னரும், முதலாமவனே முன்போல மண்ணெண்ணெய்க்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றால், அதை நீதியென்று ஊரில் எவரும் ஒப்பார்.

கிணற்றடியில் விளங்கும் இந்த நீதி, பெரிய அரசாங்கத் திணைக்களங்களின் கணக்கேடுகளிலே மறைந்துபோகிறது. தபாற்கந்தோர் இதற்கு நல்லதோர் உதாரணம். ஒரே கூரையின் கீழ்க் கடிதம் பிரிக்கப்படுகிறது, பொதி நிறுக்கப்படுகிறது, காசுக்கட்டளை மாற்றப்படுகிறது. கூரைக்கு வாடகை ஒன்று. அதன் கீழ் நடக்கும் சேவைகள் பல. அந்த வாடகையில் எவ்வளவு கடிதத்துக்கு, எவ்வளவு பொதிக்கு என்ற வினா கணக்காளரின் அறைக்குள் அடங்கிவிடும் சிறு விடயம் போலத் தோன்றும். ஆனால் முத்திரையின் விலையும், எந்தச் சேவை "நட்டம்" என்று பெயர் பெறுகிறது என்பதும், ஈற்றில் எந்தக் கந்தோர் மூடப்படுகிறது என்பதும் இந்த வினாவுக்குத் தரப்படும் விடையிலே தங்கியுள்ளன. இவ்வழக்கைப் பல்லாண்டுகளாக வெளிச்சத்தில் வைத்து வாதாடி வரும் நாடு அமெரிக்கா. ஆதலின் முதலில் அங்கே நடப்பதை நோக்கி, பின்னர் எமது நாட்டுக்கு வருவோம்.

அமெரிக்கத் தபால் சேவை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அரசாங்கத் திணைக்களம் என்ற நிலையிலிருந்து மாற்றப்பட்டு, 1971இல் தன் வருமானத்தைக் கொண்டே தன் செலவைச் சமாளிக்க வேண்டிய நிறுவனமாயிற்று. 2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதன் சேவைகளை இரு கூறாக வகுத்தது. சாதாரணக் கடிதம் போன்று, பொதுமக்களுக்கு வேறு போக்கிடமில்லாத சேவைகள் ஒரு கூறு. தனியார் கொம்பனிகளுடன் போட்டியிடும் பொதிச் சேவைகள் முதலியன மற்றக் கூறு. முதற் கூற்றின் வருமானத்தைக் கொண்டு இரண்டாம் கூற்றைத் தாங்குதல் ஆகாது என்று அச்சட்டம் விலக்கிற்று. போட்டிச் சேவை ஒவ்வொன்றும் தனக்கே உரிய செலவைத் தானே ஈட்ட வேண்டும். அவையெல்லாம் சேர்ந்து, எந்தச் சேவைக்கும் தனித்து உரித்தாக்க முடியாத பொதுச் செலவிலும் தகுந்த பங்கொன்றை ஏற்க வேண்டும். மண்ணெண்ணெயும் கிணறும் என்று நாம் மேலே பிரித்துக் கூறியதையே அந்நாட்டுச் சட்டம் தன் மொழியில் எழுதி வைத்திருக்கிறது.

சட்டம் எழுதுவது எளிது, அளப்பது அரிது. அந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தபாற்கந்தோர்கள் உள்ளன. தபால் சேவையின் கட்டிடங்களிற் பெரும்பாலானவை வாடகைக்கு எடுக்கப்பட்டவை, ஏனையவை சொந்தமானவை. சொந்தக் கட்டிடத்துக்கு எவரும் வாடகை கொடுப்பதில்லை என்பதற்காக அதன் தளத்துக்குப் பெறுமதி இல்லை என்று ஆகிவிடாது. எனவே அதற்கும் ஒரு வாடகைப் பெறுமதி கணிக்கப்படுகிறது. பின்னர், கட்டிடங்களின் தளப்பரப்பு எவ்வேலைக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று வகுக்கின்றனர். கருமபீடத்துக்கு இவ்வளவு, வாடகைக்கு விடப்படும் தபாற் பெட்டிகளுக்கு இவ்வளவு, கடிதம் பிரிக்கும் இயந்திரத்துக்கு இவ்வளவு, பொதி பிரிக்கும் இயந்திரத்துக்கு இவ்வளவு, தபாற்காரர் தம் கடிதங்களை ஒழுங்குபடுத்தும் இடத்துக்கு இவ்வளவு என்று அது செல்லும். அவ்விடத்திலே எந்தச் சேவைக்காக எவ்வளவு வேலை நடக்கிறதோ, அதற்கேற்ப இடத்தின் வாடகையும் அந்தச் சேவைக்குச் சேர்கிறது.

தபால் சேவையின் மொத்தச் செலவிற் பெரும்பகுதி ஊழியரின் வேதனமும் அவர்தம் நலன்களுமே என்பதையும், வாடகை அதனிலும் மிகச் சிறிய பகுதியே என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும் மின்சாரம், குளிர்காலத்துச் சூடு, துப்புரவு ஆகிய செலவுகளும் தளப்பரப்பைப் பின்பற்றியே செல்வதால், தளத்தின் அளவு பிழைத்தால் அவையும் உடன் பிழைக்கும்.

தளமோ நிலையாக நிற்பதில்லை. 2001ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபால் சேவை 10,300 கோடிக்கு மேற்பட்ட முதல்தரக் கடிதங்களைக் கையாண்டது. 2023இல் அத்தொகை ஏறத்தாழ 4,600 கோடியாக விழுந்துவிட்டது. அதே 2023இற் பொதிகளின் தொகை ஏறத்தாழ 700 கோடி. ஒரு பொதி கொள்ளும் இடத்திற் கடிதங்கள் எத்தனை கொள்ளும் என்பதை வாசகர்களே மதித்துக் கொள்ளலாம். 2020ஆம் ஆண்டில், கடிதங்களையும் சஞ்சிகை போன்ற தட்டையான தபால்களையும் பிரிக்கும் 671 இயந்திரங்களை அகற்றும் திட்டம் வெளியாகி, அந்தத் தேர்தல் ஆண்டிலே பெருங் கிளர்ச்சியை உண்டாக்கிற்று. 2021 மார்ச்சில் வெளியிடப்பட்ட பத்தாண்டுத் திட்டமோ, பொதிகளை மனத்திற் கொண்டே பெரிய கட்டிடங்களை மாற்றியமைக்க முற்பட்டது. இவ்வாறு இயந்திரங்கள் இடம் மாறுகையில், முன்னொரு காலத்தில் அளந்த அளவையே கணக்கில் வைத்திருந்தால் விளைவது என்ன?

எளிய கற்பனைக் கணக்கு ஒன்றால் இதனை விளக்குவோம். ஆயிரம் சதுர அடி கொண்ட கந்தோர் ஒன்றின் வாடகை ஓர் இலட்சம் ரூபா என்று கொள்வோம். கடிதத்துக்கு 600 அடி, பொதிக்கு 150 அடி, கருமபீடத்துக்கு 250 அடி. ஆண்டுக்கு ஓர் இலட்சம் கடிதங்கள் வந்தால், கடிதம் ஒன்றின் மேல் விழும் வாடகை 60 சதம். காலம் மாறுகிறது. கடிதங்கள் ஐம்பதினாயிரமாகக் குறைகின்றன. அவற்றுக்குரிய இடம் 300 அடியாகச் சுருங்க, பொதியின் இடம் 450 அடியாக விரிகிறது. புதிதாக அளந்து பார்த்தால், கடிதம் ஒன்றின் வாடகை அதே 60 சதந்தான். பழைய அளவை வைத்துப் பார்த்தாலோ ஒரு ரூபா 20 சதம்! தளத்திலே செலவு ஏறவில்லை. ஏட்டிலே மாத்திரம் ஏறிற்று. அந்த ஏட்டைக் காட்டி முத்திரையின் விலையை உயர்த்துவார்கள். விலை உயரக் கடிதங்கள் இன்னும் குறையும். குறைந்த கடிதத்தின் மேல் அதே வாடகை மேலும் பாரமாக இறங்கும். ஈற்றில், "கடிதம் நட்டத்தில் ஓடுகிறது" என்ற தீர்ப்பு எழுதப்படும். குற்றஞ் செய்யாதவனுக்குத் தண்டனை!

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுவது இயல்பு. கட்டிடம் முதலிற் கடிதத்துக்காகவே எழுந்தது. பொதி பின்னர் வந்து ஒதுங்கிக் கொண்டது. ஆகவே தன்னால் மேலதிகமாக ஏற்படும் செலவைப் பொதி கொடுத்தாற் போதும். அதற்கு மேற் பாரஞ் சுமத்தினால் அது தனியார் கொம்பனிகளிடம் ஓடிவிடும். பிறகு முழு வாடகையையும் கடிதமே தாங்க நேரும் என்று கூறுவோர் உளர். இதில் உண்மை இல்லாமலில்லை. தன் மண்ணெண்ணெயையும் வார்த்துக் கிணற்றுக்கும் ஏதோ கொடுக்கும் அயலவனை விரட்டிவிட்டால், கிணற்றின் முழுச் செலவும் எம் தலையில் விழுவது உறுதியே. ஆனால் அந்த நியாயம் பொதுச் செலவைப் பங்கிடும் முறைக்கே பொருந்தும். பொதுவல்லாததைப் பொது என்று எழுதுவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. காலை முதல் மாலை வரை பொதி பிரிக்கும் இயந்திரமே நிற்கும் தளம் பொதுத் தளம் அன்று. அது பொதியின் தளம். அதனை அளக்காமல் விட்டுவிட்டுப் பங்கைப் பற்றி வாதிடுவதிற் பயனில்லை.

மறுபுறத்திலும் சுயநலம் இல்லாமலில்லை. யூ.பி.எஸ். என்னும் தனியார் பொதிக் கொம்பனி, தபால் சேவை தன் பொதிகளின் மேல் இன்னும் அதிக செலவை ஏற்ற வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் முன்னும் நீதிமன்றத்திலும் வாதாடி வந்தது. தபாற் பொதியின் விலை ஏறினால் இலாபம் யாருக்கு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 2018இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவின் செலவுக் கணிப்பு முறையை ஏற்றுக் கொண்டது. பொதுச் செலவில் போட்டிச் சேவைகள் ஏற்க வேண்டிய ஆகக் குறைந்த பங்கு 2007இல் நூற்றுக்கு 5.5 என விதிக்கப்பட்டு, 2019இல் ஆண்டுதோறும் மாறும் சூத்திரமாக்கப்பட்டது. 2020இல் அதே நீதிமன்றம் அந்தச் சூத்திரத்துக்குரிய காரணங்கள் போதாவென்று ஆணைக்குழுவுக்கே திருப்பி அனுப்பிற்று. இரு சாராரும் தத்தம் நலனையே பேசுவர் என்பதனாலேயே, எச்சாரார் பேச்சையும் நம்பாமல் அளவுகோலை நம்ப வேண்டியிருக்கிறது.

அந்நாட்டு முறையில் நாம் மதிக்கத்தக்கது இதுவே. செலவைப் பங்கிடும் முறையைத் தபால் அதிகாரிகள் தம் எண்ணப்படி மாற்றிவிட முடியாது. மாற்றம் வேண்டுமாயின், ஐந்து உறுப்பினர் கொண்ட ஆணைக்குழுவிடம் காரணங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் பகிரங்கப்படுத்தப்படும், எவரும் அபிப்பிராயம் கூறலாம். பொதுமக்களின் நலனை எடுத்துரைப்பதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் நியமிக்கப்படுவார். முத்திரை வாங்கும் ஏழைக் கிழவிக்கும் அக்கணக்கு மன்றிலே ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது!

இனி எமது நாட்டுக்கு வருவோம். இங்கே 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஒரே பாய்ச்சலில் உயர்த்தப்பட்டது. பொருளாதாரம் நொறுங்கிய ஆண்டு அது. உயர்வு அவசியம் என்று கூறப்பட்டது. நாம் அதை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அந்த 50 ரூபாவிற் கடிதத்தின் சொந்தச் செலவு எவ்வளவு, கூரியருடன் போட்டியிடும் துரித சேவையும் பொதியும் பயன்படுத்தும் இடத்துக்குரிய செலவு எவ்வளவு என்று கேட்பது குடிமகனின் உரிமை.

2023இல் நுவரெலியாத் தபாற்கந்தோரை உல்லாச விடுதிக்காகக் கொடுக்கும் முயற்சி எழுந்து, அவ்வாண்டு நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்தக் கட்டிடத்தின் வாடகைப் பெறுமதியை எப்படிக் கணிப்பது என்ற வினாவே அச்சர்ச்சையின் அடியிலும் கிடந்தது. நகரின் நடுவிலுள்ள கட்டிடத்துக்குச் செலவே இல்லை என்று எண்ணுவதும் பிழை, அந்நிலத்தின் சந்தை மதிப்பு முழுவதையும் கடிதத்தின் தலையில் வைத்து, "இத்தனை பெறுமதியான இடத்திற் கடிதமா?" என்று ஏளனஞ் செய்வதும் பிழை.

எமது நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட தபாற்கந்தோர்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உப தபாற்கந்தோர்களும் உள்ளன. வன்னியிலோ படுவான்கரையிலோ மலையகத்திலோ உள்ள ஓர் உப தபாற்கந்தோர் கடிதத்துக்காக மாத்திரம் திறந்திருப்பதில்லை. அரசாங்கத்தின் கொடுப்பனவுகளும், பரீட்சைக் கட்டணங்களும், வீதித் தண்டப் பணமும் அதன் கருமபீடத்தினூடாகச் சென்று வந்துள்ளன. அந்தக் கருமபீடத்தின் வாடகை முழுவதையும் முத்திரை விற்ற காசோடு ஒப்பிட்டு, "நட்டம், மூடுக" என்று எழுதுவது கணக்கன்று; கண்மூடித்தனம். அரசாங்கம் தன் வேலையை அங்கே செய்விக்குமாயின், அதற்குரிய இடத்தின் செலவையும் அரசாங்கமே ஏற்க வேண்டும். எச்சேவைக்கும் உரித்தாகாது எஞ்சுவது, ஒதுக்குப்புறத்து மக்களையும் நாட்டோடு இணைத்து வைப்பதற்கான செலவு. அதற்கு நட்டம் என்று பெயரிடாமல் அரசின் கடமை என்று பெயரிட்டு, வரவு செலவுத் திட்டத்திலே தனியாக எழுத வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தபாற் கட்டிடங்களின் தளப்பரப்பு எந்தச் சேவைக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பது குறித்த கால எல்லைக்கு ஒருமுறை புதிதாக அளக்கப்பட வேண்டும். அந்த அளவும் பங்கிடும் முறையும் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட்டு, கட்டணம் உயருமுன் பொதுமக்களின் அபிப்பிராயம் கேட்கப்பட வேண்டும். சேவை வாரியான கணக்கும் பொதுக்கடமைச் செலவும் வெவ்வேறாக வைக்கப்படும் வரை, நட்டம் என்னும் ஒரு சொல்லைக் கொண்டு எந்தக் கிராமத்துக் கந்தோரும் மூடப்படலாகாது.

எம்மிடையே உள்ள கணக்காளரும் சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் இதனைத் தமக்குப் புறம்பான விடயமென ஒதுக்கிவிடக் கூடாது. கிணற்றின் பங்கை உறுதியில் எழுதி வைத்த சமூகம், தபாற்கந்தோரின் பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தயங்குவானேன்? அளந்து காட்டுங்கள், பின்னர் விலை சொல்லுங்கள்.