மோட்டார் பூட்டிய துவிச்சக்கரவண்டி

மோட்டார் பூட்டிய வண்டியை மோட்டார் வண்டியல்ல என்று ஓர் அரசாங்கம் எழுத்திலே அறிவித்தால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் 2019 ஆகஸ்ட் 29ஆம் திகதி, அமெரிக்காவின் அன்றைய உள்துறைச் செயலாளர் டேவிட் பேர்ன்ஹார்ட் பிறப்பித்த 3376ஆம் இலக்க உத்தரவு அதைத்தான் அறிவித்தது. (அந்நாட்டில் உள்துறை என்பது பொலிஸையல்ல, பொது நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் பார்த்துக்கொள்வது.) சாதாரண துவிச்சக்கரவண்டிக்கு எங்கெங்கு அனுமதியுண்டோ அங்கெல்லாம் மின்சாரத் துவிச்சக்கரவண்டிக்கும் அனுமதி என்றது உத்தரவு. மோட்டார் வாகனம் என்ற வரைவிலக்கணத்திலிருந்து அவற்றை விலக்கவும் பணித்தது. மறுநாளே தேசியப் பூங்காச் சேவையின் சுற்றுநிருபம் வெளிவந்தது. உத்தரவு பிறந்தது வியாழக்கிழமை. அடுத்த திங்கள் அங்கே தொழிலாளர் தின விடுமுறை. நீண்ட விடுமுறைக்கு முன் வெளிவரும் அரச அறிவித்தல்களை இரண்டு தடவை வாசிப்பது பத்திரிகை மேசை எனக்குக் கற்றுத்தந்த பழக்கம்.

அந்த உத்தரவு வைத்த எல்லை 750 வாட். அதாவது, ஏறத்தாழ ஒரு குதிரையின் வலு. ஐரோப்பாவில் 250 வாட்டையும் மணிக்கு 25 கிலோமீற்றரையும் தாண்டினால் அது துவிச்சக்கரவண்டியாகக் கொள்ளப்படுவதில்லை. அமெரிக்காவிலோ மூன்று வகுப்புகள். முதலிரண்டிலும் மணிக்கு 32 கிலோமீற்றர்வரையும், மூன்றாவதில் 45 கிலோமீற்றர்வரையும் மோட்டார் உதவும். இரண்டாம் வகுப்பு வண்டியை மிதிக்கவே வேண்டாம். கைப்பிடியை முறுக்கினால் போதும். எதிரே வருவது எந்த வகுப்பு என்பதைக் காவலர் எப்படி அறிவார்? ஒட்டியிருக்கும் லேபலைப் பார்த்தா?

மண் அரிப்பைப் பற்றி நான் வாதாடப்போவதில்லை. 2015 இல் ஒறிகன் மாநிலத்துக் காட்டில் நடந்த ஓர் ஆய்வு, முதலாம் வகுப்பு மின்வண்டியின் தடத்துக்கும் சாதாரண மலைவண்டியின் தடத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே கண்டது. இருக்கட்டும். என் கவலை ஏற்றத்தைப் பற்றியது. மலைப்பாதையில் ஏறும் துவிச்சக்கரவண்டி, நடப்பவரின் வேகத்தைச் சற்றே மிஞ்சி மூச்சுவாங்கிக்கொண்டு வரும். அந்த மூச்சிரைப்புத்தான் இத்தனை காலமும் நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் இடையிலிருந்த எழுதாத உடன்படிக்கை. மோட்டார் அதைக் கிழித்துவிட்டது. ஒற்றையடிப் பாதையின் வளைவில், ஏற்றத்தில், சத்தமின்றி விரைந்துவரும் வண்டிக்கு ஒதுங்க எத்தனை விநாடி கிடைக்கும்?

மெயின் மாநிலத்திலுள்ள அகேடியா தேசியப் பூங்காவைப் பாருங்கள். எண்ணெய்ச் செல்வத்தின் வாரிசான இளைய ஜோன் றொக்பெல்லர், மோட்டார் வாகனம் நுழையாத குதிரைவண்டிப் பாதைகளை 1913 முதல் 1940 வரை அங்கே அமைத்தார். பூங்காவுக்குள் மட்டும் 45 மைல். பெற்றோலில் பணம் பண்ணிய குடும்பத்துக்கே மோட்டாரில்லாத இடமொன்று வேண்டியிருந்தது! 2019 உத்தரவுக்குப் பின் முதலாம் வகுப்பு மின்வண்டிகள் அப்பாதைகளிலும் அனுமதிக்கப்பட்டன.

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காட்டை மறுக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கும் முழங்கால் வலியுண்டு. அந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் மோட்டாருக்கு முற்றாகத் தடையுள்ள பாதுகாக்கப்பட்ட வனாந்தரங்களிலும் சக்கரநாற்காலிக்கு இடமுண்டு என்று அமெரிக்கச் சட்டம் 1990 இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தேவையுள்ளவருக்கு விலக்களிப்பது வேறு, அவரை முன்னால் நிறுத்திவிட்டு இருபத்தைந்து வயது வாலிபனுக்கும் கதவைத் திறப்பது வேறு.

மின்வண்டியை எங்குமே விடாதே என்பதல்ல என் வாதம். விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள வனச் சேவை 2022 இல் வகுத்த நெறிமுறை எனக்கு நேர்மையாகப் படுகிறது: இது மோட்டார் வாகனமே; எந்தப் பாதை இதைத் தாங்கும் என்று ஆராய்ந்து, மக்களைக் கேட்டு, அந்தப் பாதையைத் திறக்கலாம். பூங்காச் சேவையோ முதலில் திறந்துவிட்டுப் பின்னரே ஆராய்ந்தது. சுற்றாடல் சட்டம் கோரும் ஆய்வை அது ஒழுங்காகச் செய்யவில்லை என்று வாஷிங்டன் சமஷ்டி நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. எனினும் விதியை இரத்துச் செய்யவில்லை. நாடு தழுவிய மதிப்பீடு மக்கள் கருத்துக்கு வந்தது 2023 இல்!

அந்த 2020ஆம் ஆண்டு விதியில் இன்னொரு வேடிக்கையுமுண்டு. மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத பாதையில், மிதிக்காமல் மோட்டாரை மட்டும் ‘நீடித்த நேரம்’ இயக்கக் கூடாதாம். நீடித்த நேரம் என்றால் எத்தனை விநாடி? விதியில் தேடினேன், அதற்கு எண்ணேதும் இல்லை.