ரெக்கார்டு நோட்டில் இல்லாத ரெக்கார்டு



"ரெக்கார்டு" என்றாலே நமக்கு ஞாபகம் வருவது, எக்ஸ்டர்னல் வருவதற்கு முந்தின ராத்திரி கண் விழித்துக் காப்பி அடிக்கும் அந்த நோட்டுதான்! நான் சொல்ல வந்தது வேறு ரெக்கார்டு. இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கிற டி.என்.எஸ். ரெக்கார்டு.

ஒரு காலத்தில் வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். முறை, பெயர்ப் பதிவைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 'ஏ' ரெக்கார்டு முகவரி சொல்லும். 'எம்எக்ஸ்' மின்னஞ்சலை வாங்கும் சர்வரைச் சொல்லும். 'என்எஸ்' அந்தப் பெயருக்கு அதிகாரம் பெற்ற சர்வர் எது என்று சொல்லும்.

இதெல்லாம் இரண்டு மார்க் கேள்விக்காக நாம் நெட்டுருப் போட்டதுதான். ஆனால் கட்டளை வரியில் ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? லினக்ஸில் 'டிக்', விண்டோஸில் 'என்எஸ்லுக்கப்'. பக்கத்தில் பெயரைத் தட்டினால் போதும், பதில் வந்துவிடும்.

எங்கள் விழா இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றச் சொன்னபோது நடந்தது இது. பழைய பக்கமே வந்துகொண்டிருந்தது. போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. சேவை தந்தவர்களோ, "மாத்தியாச்சு தம்பி, 48 மணி நேரம் காத்திருங்க" என்றார்கள். நான் டிக் போட்டேன். பதிலில் டி.டி.எல். 300 என்றிருந்தது. அதாவது இடையிலுள்ள சர்வர் அந்தப் பதிலை 300 விநாடி, ஐந்தே நிமிஷம்தான் நினைவில் வைத்திருக்கலாம். அப்புறம் எதற்கு 48 மணி நேரம்? அதிகாரம் பெற்ற சர்வரிடமே நேராகக் கேட்டேன். அங்கேயும் பழைய முகவரிதான்! மாற்றவே இல்லை என்பது புரிந்தது. அந்த வரியை அப்படியே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மாறிவிட்டது.

2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கினவே, நினைவிருக்கிறதா? போனை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! அன்றைக்கு அந்த நிறுவனத்தின் பெயர் சர்வர்களுக்குப் போகும் வழியே அறுந்துபோயிருந்தது. டிக் போட்டவருக்கு 'சர்வ்ஃபெயில்' என்று வந்தது. கோளாறு தன் போனில் இல்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஆகவே என் கருத்து இதுதான். லேப் தேர்வில் "டி.என்.எஸ். என்றால் என்ன?" என்று கேட்பது போதாது. ஒரு பெயரைக் கொடுத்து, "இதன் ரெக்கார்டை எடுத்துக் காட்டு, டி.டி.எல். எவ்வளவு சொல்லு" என்று கேட்க வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் நம்மிடம் இலக்கணம் கேட்கப் போவதில்லை, "ஏன் வரலை?" என்றுதான் கேட்பார்கள்.

அதுவரை காத்திருப்பானேன்? இன்றைக்கே லேபில் உட்கார்ந்து நம் கல்லூரிப் பெயரையே கேட்டுப் பாருங்கள். கேட்போம்... கேட்டுத் தெளிவோம்!