புதிய பறவை: நீங்கள் சொல்லாமல் விட்ட ஓட்டை

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள். படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் தெரிந்தது.

நம் 1991 பத்தாம் வகுப்பு செட் குரூப்பில் நான்கு நாளாக ஒரே ரகளை. ‘புதிய பறவை’ படத்தில் லாஜிக் இருக்கிறதா, இல்லையா என்று. ஆரம்பித்து வைத்தது பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் நம் பிள்ளைதான். “டீச்சர், நீங்க தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுற படத்துல ஓட்டை மேல ஓட்டை” என்று பட்டியல் போட்டிருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டையே தள்ளி வைத்துவிட்டார். அவருக்கு சிவாஜி என்றால் உயிர். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் கண்ணுகளா, நீங்கள் சொன்ன ஓட்டை எதுவும் ஓட்டையே இல்லை. ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் யாரும் சொல்லவில்லை.

பார்க்காத பேரப்பிள்ளைகளுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். படம் வெளிவந்தது 1964 செப்டம்பர் 12. அறுபது வருஷம் தாண்டிவிட்டது, முடிவைச் சொல்வதில் பாவம் இல்லை. பணக்காரர் கோபால், அதாவது சிவாஜி, கப்பலில் லதாவைச் சந்திக்கிறார். லதா சரோஜாதேவி, அவர் அப்பா வி.கே.ராமசாமி. காதல் வளர்கிறது. கோபாலுக்கு ரயிலைக் கண்டால் நடுக்கம். ஏன் என்று லதா கேட்க, முதல் மனைவி சித்ராவின் கதையைச் சொல்கிறார். சித்ரா சௌகார் ஜானகி. பாடகி, குடிப்பாள், கணவன் பேச்சைக் கேட்க மாட்டாள், கடைசியில் ரயிலில் அடிபட்டுத் தானாகவே முடிவைத் தேடிக்கொண்டாள் என்கிறார். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் எம்.ஆர்.ராதாவோடு வந்து நிற்கிறாள் அதே சித்ரா! இவள் போலி என்று கோபால் துடிக்கிறார். யாரும் நம்பவில்லை. தாங்க முடியாத ஒரு கட்டத்தில் உண்மை வெடிக்கிறது. சித்ராவை அறைந்தேன், இதயம் பலவீனமான அவள் அந்த அறையிலேயே செத்துவிட்டாள், உடலைத் தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலை போல ஜோடித்தேன் என்கிறார். அப்போதுதான் தெரிகிறது, லதாவும் மற்றவர்களும் ரகசிய போலீஸ். மொத்தமும் அவரிடமிருந்து உண்மையைக் கறக்கப் போட்ட நாடகம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

அச்சு அசலாக அதே முகத்தில் இன்னொருத்தி எப்படிக் கிடைத்தாள்? இதை வேறு ஊர்க்காரன் கேட்கலாம், சேலத்துக்காரன் கேட்கலாமா? 1940-லேயே நம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘உத்தம புத்திரன்’ எடுத்து பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டிவிட்டது. ஏற்காடு சாலையில் அந்த வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே முகத்தில் இரண்டு பேர் என்பதை ஒத்துக்கொண்டுதான் நம் சினிமாவுக்குள் டிக்கெட் வாங்கிப் போகிறோம்.

ஒருவனைப் பிடிக்கப் போலீஸ் இவ்வளவு செலவு செய்து நாடகம் போடுமா? போட்டுத்தான் ஆக வேண்டும். உடல் ரயிலில் சிதைந்துவிட்டது, பார்த்த சாட்சி இல்லை. மிச்சம் இருப்பது அவன் வாய் ஒன்றுதான். இந்த நாடகத்தின் அழகும் அங்கேதான் இருக்கிறது. சிதைந்த உடலைப் பார்த்த எவருக்கும், அது சித்ராதானா என்று ஒரு சந்தேகம் வரலாம். கோபாலுக்கு மட்டும் வர முடியாது. அவன் தன் கையாலேயே தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டவன். அவனுடைய உறுதிதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இதைவிட நல்ல லாஜிக்கை நான் தமிழ் சினிமாவில் பார்த்ததில்லை.

ரகசிய போலீஸ்காரி குற்றவாளியையே காதலிப்பாளா என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டவனுக்கு எப்படிக் கல்யாணம் ஆனது என்று எனக்குத் தெரியும். அதனால் விட்டுவிடுகிறேன்.

சேலத்தில் வக்கீலாக இருக்கும் நம் மாணவி ஒருத்தி போன் செய்து சுவாரசியமான ஒரு விஷயம் சொன்னாள். நம் நாட்டு நீதிமன்றம் என்று வைத்துக்கொண்டால், கோபாலின் அந்த வாக்குமூலம் செல்லாதாம். 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம், பிரிவு 25. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை, சொன்னவனுக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் அதே விதி பிரிவு 23-ல் இருக்கிறது. அடித்து உதைத்து வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. “ஏமாத்தித்தானே வாங்கினாங்க, அடிக்கலையே?” என்று கேட்டேன். ஏமாற்றி வாங்கியது என்பதற்காக மட்டும் ஒரு வாக்குமூலம் செல்லாமல் போகாது, பிரிவு 29 அதைச் சொல்கிறது; ஆனால் 25 தனிப் பூட்டு டீச்சர் என்றாள். எதிரில் நிற்பது போலீஸ் என்று சொன்னவனுக்குத் தெரிந்திருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஆக லதா உயிரைக் கொடுத்து நடித்து வாங்கிய உண்மை கோர்ட்டு வாசலிலேயே நின்றுவிடும். நல்ல விஷயம்தான், ஆனால் நான் சொல்ல வந்த ஓட்டை இதுவும் இல்லை. கைதாகும் இடத்தோடு படம் முடிந்துவிடுகிறது. கோர்ட்டில் என்ன ஆனது என்பது படத்தின் கவலை இல்லை.

என் கேள்வி மிகச் சின்னது. கோபால் இரண்டு முறை சித்ராவின் சாவைச் சொல்கிறார். முதல் முறை சொன்னது பொய் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் இரண்டாவது முறை சொன்னதை நாம் ஏன் நம்புகிறோம்?

குரூப்பில் இத்தனை பேர் சண்டை போட்டீர்களே, ஒருவருக்காவது இது தோன்றியதா? “ஒரே ஒரு அறைதான் டீச்சர், அதுக்குப் போய் அவர் வாழ்க்கையே போச்சு” என்று பெண் பிள்ளைகளே எழுதியிருக்கிறீர்கள். ஒரு அறைதான் என்று உங்களுக்குச் சொன்னது யார்? கோபால். அவள் இதயம் பலவீனம் என்பது அறைகிற நிமிஷத்தில் அவர் மனதில் இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவர்தான்.

இது சாதாரணக் கேள்வி இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலையை விளக்கும் 300-ஆம் பிரிவுக்குக் கீழே சில உதாரணங்கள் உண்டு. அதில் ஒன்று நம் படத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். ஒருவருக்கு இன்ன நோய், ஒரு அடி பட்டால் செத்துவிடுவார் என்று தெரிந்தே அடித்தால் அது கொலை. நோய் இருப்பது தெரியாமல், நல்ல உடம்பைக் கொல்லாத அளவு ஒரு அடி அடித்து, சாகடிக்கும் எண்ணமும் இல்லையென்றால் அது கொலை இல்லை. அதே கை, அதே கன்னம், அதே சாவு. தெரிந்து செய்தானா என்பதில் ஒருவனுடைய தலையே நிற்கிறது.

அடுத்து தண்டவாளம். நம் ஊர் விருத்தாசலம் லைனை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு, ரயில் ஏறிய உடம்பில் என்ன மிஞ்சும் என்று விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறையில் மாரடைப்பு வந்து செத்தவளின் உடம்பு, “ஒரே அறைதான்” என்று பிரேதப் பரிசோதனையில் சொல்லியிருக்கும். கோபாலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்த உடம்பு. அதைத்தான் அவர் ரயிலுக்குப் போட்டார். அறைக்கும், கழுத்தை நெரித்ததற்கும், சுவரில் மோதியதற்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்த ரயில் அழித்துவிட்டது. பயத்தில் செய்தார் என்பீர்கள். இருக்கலாம். பயத்தில் செய்தேன் என்பதும் அவர் சொன்னதே.

இன்னொன்று பாருங்கள். இந்த விளையாட்டு மேல்நாட்டிலிருந்து வந்தது. 1958-ல் ‘சேஸ் எ குரூக்டு ஷேடோ’ என்று ஒரு ஆங்கிலப் படம். அதில் கார் விபத்தில் செத்ததாக எல்லோரும் நம்பிய அண்ணன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்பான், தங்கை துடிப்பாள். பிறகு 1963-ல் வங்காளத்தில் உத்தம்குமார் நடித்த ‘சேஷ் அங்கா’. அங்கே அண்ணன் தங்கை கதை, புருஷன் பெண்டாட்டி கதை ஆகிவிட்டது. அங்கிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலப் படத்தில் குற்றம் மறைத்தவள் பெண். நம் ஊருக்கு வரும்போது ஆண், அதுவும் கதாநாயகன். கதாநாயகன் மனைவியைக் கொன்றவன் என்றால் ஜனங்கள் ஏற்பார்களா? அதனால் செத்தவள் மோசமானவளாக இருந்தே ஆக வேண்டும். குடிக்க வேண்டும், கிளப்பில் பாட வேண்டும், அடங்காதவளாக இருக்க வேண்டும். அந்த சித்ராவை நமக்குக் காட்டுவதும் கோபாலின் பிளாஷ்பேக்தான். நாம் பார்க்கிற உயிரோடிருந்த சித்ரா, அவளைச் சாகடித்தவன் சொன்ன சித்ரா. சௌகார் ஜானகி நன்றாக நடித்தார். அவர் நடித்தது கோபாலின் சாட்சியத்தை.

ஹிட்ச்காக் 1950-ல் ‘ஸ்டேஜ் ஃபிரைட்’ என்ற படத்தை ஒரு பொய்யான பிளாஷ்பேக்கில் தொடங்கினார். திரையில் கண்ணால் பார்த்தது பொய்யா என்று ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அவரே பின்னாளில் சொன்னார். ஒருவன் வாயால் சொன்னால் சந்தேகப்படுகிற நாம், அதையே படமாகக் காட்டினால் நம்பிவிடுகிறோம்.

சிவாஜியை வைத்தே இதற்கு நேர்மாறான படம் ஒன்று பத்து வருஷம் முன்பே வந்திருந்தது. 1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டே கிடையாது. அதில் சிவாஜி சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து அவரைப் பற்றி ஒவ்வொரு கதை சொல்வார்கள். யார் சொல்வது உண்மை என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். செத்தது சிவாஜியாக இருந்தபோது அத்தனை பேரையும் சந்தேகப்பட்டோம். செத்தது சித்ராவாக இருந்தபோது, ஒருவர் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டோம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரர் குறுக்கிட்டார். “சினிமாவுக்கு எதுக்கு இத்தனை? அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு?” என்றார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன். ஏனென்றால் விஷயமே அதுதான். முகத்தைப் பார்த்து நம்பினோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஊரோ பேரோ சொல்லப் போவதில்லை, யாரும் கமெண்டில் ஊகம் செய்யவும் வேண்டாம். கல்யாணமான மூன்றாம் வருஷம் கிணற்றில் கிடந்தாள். துக்கத்துக்குப் போன இடத்தில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: “புள்ளைக்குக் கோவம் ஜாஸ்தி டீச்சர்.” கோபம் உண்டு, நான் மறுக்க மாட்டேன். கணக்கில் அரை மார்க் குறைந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிடுவாள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அந்தக் கோபத்தை ஒரு சாவுக்குக் காரணமாக, அரை நாளில், அந்த வீட்டுத் திண்ணையிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். தூரத்தில் நின்றிருந்த அவள் அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதனால்தான் 1983-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் பக்கம் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று பேப்பரில் படிக்கிறீர்களே, அதுவும் அந்தத் திருத்தத்தோடு வந்ததுதான். புருஷன் சொன்ன கதையோடு கோப்பை மூடாதே, அவள் வீட்டாரையும் கேள் என்பதற்காக வந்த ஏற்பாடு. 1964-ல் சித்ராவுக்கு அது இல்லை.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை போட்டாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன், நிம்மதி தேடி அவர் பாடும் பாட்டுக்கு எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசைக்கு யார்தான் கலங்க மாட்டார்கள்.

ஆனால் ஐ.டி. பிள்ளைக்கு ஒரு வீட்டுப்பாடம். நீதானே ஆரம்பித்தாய்? ‘புதிய பறவை’ கதையை சித்ரா சொல்வது போல இரண்டு பக்கம் எழுதி அனுப்பு கண்ணு. அவள் நல்லவளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, குடிக்கட்டும், கத்தட்டும். அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை மட்டும் அவள் வாயால் சொல்லட்டும். மற்ற செட்காரர்களும் எழுதலாம். உறவுக்காரர்களில் மதுரை சித்தி எழுதினால் நிச்சயம் நாற்பது பக்கம் வரும், அதையும் படிப்பேன். சிவப்பு மைப் பேனா இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.